கூலி வாங்காமல் கட்டிய கோவில்

ரோமாபுரியில் குயிரினல் என்று ஒரு குன்று இருக்கிறது. இத்தாலி நாட்டு ஜனாதிபதியின் மாளிகை அந்தக் குன்றின் மேல்தான் உள்ளது. மாளிகையை ஒட்டி நேராகப் போகும் வீதியில் சிறிது தூரம் நடந்தால் ஒரு நாற்சந்தி வரும். அதன் 4 மூலைகளிலும் 4 நீரூற்றுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கற்சிலை ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. இரண்டு நதி தேவர்கள். இரண்டு பெண் தெய்வங்கள். 5-ம் சிக்ஸ்டஸ் போப்பாண்டவர் காலத்தில், 16-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி வைத்த ஊற்றுகள் இவை. அதனால் அந்த இடத்துக்கு நான்கு ஊற்றுச் சந்தி என்றே பெயர்.

அங்கே நடைபாதை மிகவும் குறுகல். மோட்டார் வண்டிகள் தோளை உரசுவது போலப் போகும். வண்டிக்கு ஒதுங்குகிற அவசரத்தில் பலர் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. பார்த்தவர்களோ திகைத்து நின்று விடுவார்கள்.

ஏன்?

அந்த மூலையில் உள்ள மாதா கோவிலின் முகப்புச் சுவர் நேராக இல்லை! காற்றில் ஆடும் திரைச் சீலை போல அது வளைந்து வளைந்து போகிறது. ஓர் இடத்தில் உள்ளே குழிகிறது. அடுத்த இடத்தில் வெளியே புடைக்கிறது. மறுபடியும் உள்ளே போகிறது. கல்லைத் துணியாக நினைத்து விளையாடியிருக்கிறார் அதைக் கட்டியவர்.

அதுதான் சான் கார்லோ கோவில். மிகச் சிறியதாக இருப்பதால் ரோம் நகரத்து மக்கள் செல்லமாகச் சான் கார்லினோ என்பார்கள். பக்கத்திலேயே அதைச் சேர்ந்த துறவிகள் மடம். இரண்டையும் கட்டியவர் பிரான்செஸ்கோ பொரோமினி.

அவர் சொந்தமாக ஏற்றுக் கொண்ட முதல் வேலை இந்த மடம். அவர் கடைசியாகக் கை வைத்த வேலைகளில் ஒன்று இந்தக் கோவிலின் முகப்பு. இரண்டுக்கும் இடையே 30 ஆண்டுகள். அந்த 30 ஆண்டுகளில் அவர் போப்பாண்டவரின் அன்பைப் பெற்றார், இழந்தார். பட்டம் பெற்றார், பகையும் பெற்றார். ஆனால் இந்த மடத்தையும் கோவிலையும் கட்டியதற்காக அவர் ஒரு காசும் கூலி வாங்கவில்லை!

காசைப் பெரிதாக நினைக்காத அந்த மனிதர் எதைப் பெரிதாக நினைத்தார்? அதுவே அவருடைய வாழ்க்கைக் கதை.

ஏரிக்கரைச் சிறுவன்

ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் லுகானோ என்ற அழகான ஏரி இருக்கிறது. அதன் கரையில் பிஸ்ஸோனே என்பது ஒரு சிற்றூர். இன்று அது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் விளைநிலம் குறைவு, கல் அதிகம். ஆகவே பரம்பரை பரம்பரையாக ஆண்கள் கல்தச்சர்களாகவும் கொத்தனார்களாகவும் ஆனார்கள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இத்தாலிய நகரங்களுக்குப் போய், கோவில்களும் மாளிகைகளும் கட்டிப் பிழைத்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் 1599-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தான் பிரான்செஸ்கோ. குடும்பப் பெயர் காஸ்டெல்லி. தகப்பனாரும் கட்டிட வேலைக்காரரே.

சிறு வயதிலேயே பையனை மிலான் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய பேராலயத்தின் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்து கொண்டிருந்தது. பையன் உளியும் சுத்தியலும் பிடிக்கக் கற்றான். எந்தக் கல் எந்தப் பக்கம் பிளக்கும், எந்த வளைவு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையெல்லாம் கையாலேயே தெரிந்து கொண்டான். ஏட்டுப் படிப்பு பிறகுதான் வந்தது.

மிலானில் அப்போது கார்லோ பொரோமியோ என்ற அருளாளரின் பெயரை எல்லாரும் போற்றினார்கள். அவர் அந்நகரின் ஆர்ச் பிஷப்பாக இருந்தவர். 1576-ம் ஆண்டு கொள்ளை நோய் பரவியபோது நகரை விட்டு ஓடாமல் நோயாளிகளின் நடுவே நின்றவர். 1610-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது. அவருடைய பெயரால்தான் பின்னாளில் நான்கு ஊற்றுச் சந்தியில் கோவில் எழுந்தது.

1619-ம் ஆண்டில் பிரான்செஸ்கோ ரோமுக்குப் போனான். தகப்பனாருக்கு வர வேண்டிய கடன் பாக்கியைத் தானே வசூலித்துக் கொண்டு, வீட்டில் சொல்லாமலே கிளம்பி விட்டான் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ரோமில் அவனுக்கு இடம் கொடுத்தவர் லியோனே கார்வோ என்ற உறவினர். அவரும் கல்தச்சர். மறு ஆண்டே அவர் பீட்டர் பேராலயத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்து போனார். அவருடைய உளிகள் பிரான்செஸ்கோவின் கைக்கு வந்தன.

பெயர் மாறியது

அந்தப் பேராலயத்தின் தலைமைக் கட்டிடக் கலைஞராக அப்போது இருந்தவர் கார்லோ மதெர்னோ. அவரும் லுகானோ ஏரிப் பக்கத்து மனிதர்; தூரத்து உறவு. முதலில் பிரான்செஸ்கோவைச் சில்லறைச் செதுக்கு வேலைகளில் விட்டார். பையன் சிறகு முளைத்த குழந்தை முகங்களையும் கைப்பிடிச் சுவர்களையும் செதுக்கினான். ஓய்வு நேரத்தில் மற்ற வேலைக்காரர்கள் கதை பேசுவார்கள். அவனோ அந்த மாபெரும் கோவிலை அளந்து அளந்து வரைந்து கொண்டிருப்பான். மைக்கலாஞ்சலோ கட்டிய பகுதிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தான்.

கிழவர் மதெர்னோ அதைக் கவனித்தார். உளியை வாங்கி வைத்துவிட்டு, வரைகோலைக் கையில் கொடுத்தார். தம்முடைய வரைபடங்களையெல்லாம் அவனைக் கொண்டே வரையச் செய்தார். தகப்பன் பிள்ளையிடம் வைக்கும் நம்பிக்கையை அவன் மேல் வைத்தார்.

1628-ம் ஆண்டையொட்டி அவர் காஸ்டெல்லி என்ற பெயரை விட்டு, பொரோமினி என்று கையெழுத்திடத் தொடங்கினார். ரோமில் காஸ்டெல்லிகள் மலிந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் மாற்றி நினைக்காமல் இருக்கத் தனிப் பெயர் தேவைப்பட்டது. தம் பெயர் பிறர் பெயரோடு கலந்து விடக் கூடாது என்பதில் அப்போதே அவருக்கு அத்தனை கருத்து!

1629 ஜனவரியில் மதெர்னோ இறந்தார். யார் அடுத்த தலைவர்?

அந்த வேலை யாருடையது?

பதவி பொரோமினிக்கு வரவில்லை. பெர்னினிக்குப் போயிற்று.

ஜான் லோரென்சோ பெர்னினி 1598 டிசம்பரில் பிறந்தவர். பொரோமினியை விட ஒன்பது, பத்து மாதமே மூத்தவர். பெயர் பெற்ற சிற்பியின் மகன். சலவைக் கல்லை வெண்ணெயாகக் குழைத்துச் சிலை செய்வதில் இணையற்றவர். பேச்சு சாதுரியம் உண்டு. சிரித்த முகம். அப்போதிருந்த 8-ம் உர்பன் போப்பாண்டவருக்குச் செல்லப் பிள்ளை மாதிரி.

பொரோமினி நேர் எதிர். அதிகம் பேச மாட்டார். பழைய ஸ்பானிய மோஸ்தரில் எப்போதும் கறுப்பு உடை. கல்யாணம் செய்து கொள்ளவில்லை. சிக்கனமாக வாழ்ந்து, புத்தகங்கள் வாங்கிச் சேர்த்தார். வீட்டில் மைக்கலாஞ்சலோவின் தலைச் சிலை ஒன்று இருந்தது. சட்டென்று கோபம் வரும். வந்த கோபம் லேசில் போகாது.

பீட்டர் பேராலயத்தின் நடு மண்டபத்தில், முறுக்கிய 4 வெண்கலத் தூண்கள் மேல் ஒரு பெரிய விதானம் நிற்கிறது. ரோமுக்குப் போனவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் வருவதில்லை. 1624-ல் தொடங்கி 1633-ல் முடிந்த வேலை. பெர்னினியின் புகழை நிலைநாட்டியது அது. ஆனால் அத்தனை உயரத்தில் அத்தனை பாரத்தை நிறுத்துவதற்கு வேண்டிய கணக்குகளும் வரைபடங்களும் பல பொரோமினியின் கையால் ஆனவை. பார்பெரினி மாளிகை வேலையிலும் இதே கதை. பெர்னினி தலைவர், பொரோமினி உதவியாளர்.

பெர்னினிக்குக் கட்டிடத் தொழில் அடிப்படையிலிருந்து தெரியாது. பொரோமினிக்கு அது ரத்தத்தில் ஊறியது. தெரிந்தவர் கீழே நின்றார். தெரியாதவர் மேலே நின்றார். கூலியிலும் ஏற்றத்தாழ்வு. ஆனால் பணம் போனதில் பொரோமினிக்கு மனத்தாங்கல் இல்லையாம். தம் உழைப்பின் பெருமையை வேறொருவர் அனுபவிக்கிறாரே என்பதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது. அவருடைய குடும்பத்தார் பின்னாளில் எழுதி வைத்த குறிப்பு இது.

பெர்னினி முற்றிலும் மனம் இல்லாதவர் அல்ல. 1632-ல் ரோம் பல்கலைக் கழகத்தின் கட்டிடக் கலைஞராகப் பொரோமினியைச் சிபாரிசு செய்தவர் அவரே. ஆனால் புண்பட்ட மனம் அதனால் ஆறவில்லை. பொரோமினி விலகி வந்து விட்டார்.

வயது 34. கையில் திறமை உண்டு. சொந்தமாகக் கட்டிய கட்டிடம் என்று காட்ட ஒன்றும் இல்லை.

ஏழைத் துறவிகள்

அந்தச் சமயத்தில் ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர்கள் பிரபுக்கள் அல்ல. திரித்துவ சபையைச் சேர்ந்த ஸ்பானியத் துறவிகள்.

1198-ல் ஏற்பட்ட சபை அது. கடற் கொள்ளைக்காரர்களிடமும் யுத்தங்களிலும் சிக்கி, அயல் நாடுகளில் அடிமைகளாகக் கிடந்த கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதே அவர்களுடைய தொண்டு. வருகிற வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அடிமை மீட்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய விதி. அதிலும் இவர்கள் கடும் விரதம் பூண்ட பிரிவினர். பணம் ஏது?

நிலமும் அப்படித்தான். சந்தி மூலையில் கோணல் மாணலான ஒரு துண்டு மனை. அதற்குள் துறவிகளுக்கு அறைகள் வேண்டும். உணவுக்கூடம் வேண்டும். முற்றம் வேண்டும். தோட்டம் வேண்டும். கோவிலும் வேண்டும்!

1634-ல் பொரோமினி வேலையை ஏற்றுக் கொண்டார். கூலி வேண்டாம் என்று சொல்லி விட்டார்.

சபையின் பொறுப்பாளராக இருந்த ஹுவான் தெ சான் புவெனவெந்தூரா என்ற துறவி, கட்டிட வேலை முழுவதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பொரோமினி கூலி வாங்காததையும் அவர் பதிந்து வைத்திருக்கிறார். கொத்தனாரின் கரண்டி, தச்சரின் ரம்பம், சுதை வேலைக்காரரின் கருவி, இரும்பு வேலைக்காரரின் அரம் — எல்லாவற்றையும் பொரோமினி தாமே அருகில் நின்று நடத்தினார் என்கிறார். யாருக்காவது கை பிசகினால், கருவியை வாங்கிச் செய்து காட்டுவார். கல்தச்சர் வீட்டுப் பிள்ளை அல்லவா! அதனால் பொருள் வீணாகவில்லை. செலவும் குறைந்தது.

துறவிகள் கொடுத்த பெரிய கூலி ஒன்று உண்டு. இப்படிக் கட்டு, அப்படிக் கட்டு என்று அவர்கள் தலையிடவில்லை. அவர் இஷ்டம் போலக் கட்ட விட்டார்கள்.

மூலை இல்லாத முற்றம்

முதலில் மடம் எழுந்தது. அறைகள், உணவுக்கூடம், பிறகு முற்றம்.

முற்றத்துக்குள் நுழைகிறவர்கள் அது எவ்வளவு சிறியது என்பதை உடனே உணர மாட்டார்கள். காரணம் இருக்கிறது. எந்த முற்றத்துக்கும் 4 மூலைகள் உண்டு. கண் மூலையில் போய் முட்டும்போதுதான் இடம் குறுகலாகத் தெரியும். பொரோமினி மூலைகளையே எடுத்து விட்டார்! மூலை இருக்க வேண்டிய இடத்தில் சுவர் உள்பக்கமாக மெல்லப் புடைத்து வளைந்து போகிறது. கண் எங்கும் முட்டாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. இணை இணையாகத் தூண்கள். நடுவே எண்கோண வடிவில் ஒரு கிணறு.

மேல் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். ஒரு குட்டைத் தூணின் பருத்த பாகம் கீழே இருக்கிறது. அடுத்த தூணைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறார். அதில் பருத்த பாகம் மேலே. இப்படியே மாறி மாறி வருகிறது. ஒரே தூண்தான். புரட்டி வைத்ததில் செலவு கூடவில்லை. அழகு கூடியது!

வெள்ளைக் கோவில்

1638-ல் கோவிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1641-ல் வேலை முடிந்தது. 1646-ல் அபிஷேகம் ஆயிற்று.

உள்ளே போனால் முதலில் தெரிவது வெள்ளை நிறம்தான். தங்கத் தகடு இல்லை. வண்ணச் சலவைக் கற்களின் பகட்டு இல்லை. செங்கல்லும் சுதையும்தான் பெரும்பகுதி. 16 தூண்கள் சுற்றிலும் நிற்கின்றன. சுவர் அலை அலையாக வளைகிறது. மேலே முட்டை வடிவில் ஒரு கவிகை மாடம்.

அந்த மாடத்தில்தான் இருக்கிறது ஜாலம். அதன் உட்புறம் முழுவதும் சிலுவை, அறுகோணம், எண்கோணம் என்று பள்ளமான கட்டங்கள் தேன்கூடு போலப் பின்னியிருக்கின்றன. மேலே போகப் போகக் கட்டங்கள் சிறிதாகிக் கொண்டே வருகின்றன. தூரத்தில் உள்ள பொருள்தானே சிறிதாகத் தெரியும்? ஆகவே நம் கண் ஏமாறுகிறது. மாடம் இருப்பதை விட மிக உயரமாகத் தோன்றுகிறது. மாடத்தின் அடியில் உள்ள ஜன்னல்களைச் சுதையில் செய்த இலை வரிசைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். வெளிச்சம் வருகிறது, வரும் வழி தெரிவதில்லை. கவிகை காற்றில் மிதப்பது போல இருக்கிறது. உச்சியில் ஒரு முக்கோணம். நடுவில் புறா. திரித்துவத்தின் சின்னம் அது.

பார்ப்பதற்கு மனம் போனபடி வளைத்தது போல இருக்கும். ஆனால் எல்லாம் கணக்கு. சம பக்கமுள்ள இரு முக்கோணங்களை அடியோடு அடி சேர்த்து வைத்தால் வைரம் போன்ற ஒரு வடிவம் கிடைக்கும். அவற்றுக்குள் வட்டங்கள் வரைந்து, அவற்றைத் தொட்டு முட்டை வடிவத்தை அமைத்திருக்கிறார். அவர் பென்சிலால் வரைந்த படங்கள் வியன்னா நகரத்தில் உள்ள அல்பெர்ட்டினா கலைக்கூடத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. முக்கோணமும் வட்டமும் கோடு கோடாகத் தெரிகின்றன.

பீட்டர் பேராலயத்தின் கவிகையைத் தாங்குகிற 4 பெரும் கல்தூண்களில் ஒன்று இருக்கும் இடத்துக்குள் இந்தக் கோவில் முழுவதையும் வைத்து விடலாம் என்பார்கள். அவ்வளவு சின்னது! ஆனால் அதன் புகழ் சின்னதாக இல்லை. ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், இந்தியர் என்று பல தேசத்தாரும் ரோமுக்கு வந்ததும் இந்தக் கோவிலின் வரைபடம் கேட்டு மடத்துக் கதவைத் தட்டினார்கள் என்று துறவி ஹுவான் எழுதியிருக்கிறார். இந்தியர் என்ற சொல்லை அந்நாளில் ஐரோப்பியர் நம் நாட்டாருக்கும் அமெரிக்கக் கண்டத்தாருக்கும் சேர்த்தே வழங்கினார்கள்.

பொரோமினி என்ற பெயர் அன்றுதான் தனியாக ஒலித்தது. அடிமைகளை மீட்பது அந்தத் துறவிகளின் தொண்டு. ஒரு வகையில் பொரோமினியையும் அவர்களே மீட்டார்கள்!

ஏறுமுகம்

1644-ல் 8-ம் உர்பன் காலமானார். 10-ம் இன்னொசென்ட் போப்பாண்டவரானார். காற்று திசை மாறியது.

பீட்டர் பேராலயத்தின் முகப்பில் பெர்னினி ஒரு மணிக்கூண்டு எழுப்பியிருந்தார். அதன் பாரத்தால் கீழே சுவரில் வெடிப்புகள் கண்டன. விசாரணை நடந்தது. அஸ்திவாரம் தாங்காது என்று எடுத்துக் காட்டியவர்களில் முன்னால் நின்றவர் பொரோமினி. 1646-ல் மணிக்கூண்டை இடித்துத் தள்ள உத்தரவாயிற்று. ரோம் நகரத்தார் முன்னிலையில் பெர்னினி தலைகுனிய நேர்ந்தது.

அதே ஆண்டில் லாத்தரன் பேராலயத்தைப் புதுப்பிக்கும் பெரிய பொறுப்பு பொரோமினிக்குக் கிடைத்தது. 1650-ம் ஆண்டு புனித ஆண்டு. அதற்குள் முடித்தாக வேண்டும். முடித்தார். பல்கலைக் கழகத்துக்காக அவர் கட்டிய கோவிலின் உச்சி, சங்கு போலச் சுருண்டு சுருண்டு வானத்தை நோக்கி ஏறுகிறது. 1652-ல் போப்பாண்டவர் அவருக்குக் கிறிஸ்துவின் வீரர் என்ற பட்டம் அளித்தார்.

ஆனால் அந்த ஏறுமுகத்திலும் ஒரு கறை விழுந்தது. 1649 டிசம்பரில், லாத்தரன் வேலைத் தலத்தில் கற்களைச் சேதப்படுத்திய ஒருவனைப் பிடித்தார்கள். பொரோமினியின் ஆட்கள் அவனை அடித்த அடியில் அவன் இறந்தே போனான். பொரோமினி மேல் குற்றம் வந்தது. போப்பாண்டவரின் கருணையால் கடும் தண்டனையிலிருந்து தப்பினார். அவருடைய கோபம் எவ்வளவு பொல்லாதது என்று ஊர் அறிந்து கொண்டது.

கங்கையும் நைல் நதியும்

பெர்னினி வீழ்ந்து கிடக்கவில்லை. நவோனா சதுக்கத்தில் ஒரு நீரூற்று அமைக்க இன்னொசென்ட் விரும்பினார். தண்ணீர் கொண்டு வரும் வேலையைக் கவனித்தவர் பொரோமினி. ஆனால் பெர்னினி செய்த மாதிரி உருவத்தைப் பார்த்ததும் போப்பாண்டவர் மயங்கி விட்டார். வேலை பெர்னினிக்குப் போயிற்று. 1651-ல் முடிந்தது. 4 கண்டங்களுக்கு 4 நதிகள். ஆசியாவுக்கு நம் கங்கை! துடுப்பு பிடித்த ஆணாக அங்கே கங்கை அமர்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம்.

அந்த ஊற்றில் நைல் நதியின் சிலை தலைமேல் துணி போர்த்தியிருக்கிறது. எதிரே பொரோமினி கட்டிய ஆக்னெஸ் கோவிலின் அசிங்கத்தைப் பார்க்கச் சகியாமல் முகத்தை மூடிக் கொண்டது என்று வழிகாட்டிகள் சொல்லிச் சிரிப்பார்கள். வெறும் கட்டுக்கதை! ஊற்று முடிந்தது 1651-ல். பொரோமினி அந்தக் கோவில் வேலையை ஏற்றது 1653-ல். இல்லாத கோவிலைக் கண்டு சிலை எப்படி முகத்தை மூடும்? நைல் நதியின் பிறப்பிடம் அந்நாளில் ஐரோப்பியருக்குத் தெரியாது. அதைக் காட்டவே முக்காடு.

ஒரே வீதியில் இரு கோவில்கள்

1655-ல் இன்னொசென்ட் காலமானார். 7-ம் அலெக்சாண்டர் வந்தார். மறுபடியும் பெர்னினியின் காலம்.

பீட்டர் பேராலயத்தின் முன்னால் 284 தூண்களோடு மாபெரும் முட்டை வடிவச் சதுக்கம் எழுந்தது. கட்டியவர் பெர்னினி. பொரோமினியின் கையிலிருந்து வேலைகள் ஒவ்வொன்றாக நழுவின. 1657-ல் ஆக்னெஸ் கோவில் வேலையிலிருந்தும் விலக்கப்பட்டார். முன்கோபத்தால் நண்பர்கள் குறைந்தார்கள்.

அடுத்த ஆண்டில் ஒன்று நடந்தது. சான் கார்லோ இருக்கும் அதே வீதியில், கூப்பிடு தூரத்தில், பெர்னினி ஒரு கோவில் கட்டத் தொடங்கினார். ஆண்ட்ரேயா கோவில் என்பது அதன் பெயர். அதுவும் முட்டை வடிவம்! ஆனால் அங்கே பணத்துக்குக் குறைவில்லை. இளஞ்சிவப்புச் சலவைக் கல்லும், தங்க முலாம் பூசிய கவிகையுமாக அது ஜொலிக்கிறது.

இன்று ஒரே நடையில் இரண்டையும் பார்த்து விடலாம். ஒன்றில் செல்வம் பேசுகிறது. மற்றொன்றில் புத்தி பேசுகிறது. இரண்டும் அழகே. இரண்டையும் கட்டிய இருவரும் மேதைகளே. ஒருவர் உயர மற்றவர் தாழத்தான் வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஆனால் பொரோமினியின் மனம் அதை ஒப்பவில்லை.

முதுமையில் பழைய துறவிகள் மடம் மறுபடியும் அவரை அழைத்தது. கோவில் எழுந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பணம் இல்லாததால் முகப்பு முடிக்கப்படாமல் நின்றது. 1665-ல் அந்த வேலையைத் தொடங்கினார். வயது 65. காற்றில் ஆடும் திரைபோல நாம் பார்த்தோமே, அந்த முகப்பு அப்போது பிறந்ததுதான். அவர் கண் முன்னே கீழ்ப்பாதிதான் எழுந்தது.

கடைசி இரவு

1667-ம் ஆண்டு கோடைகாலம். பொரோமினிக்கு உடல் நலம் கெட்டது. அதை விட மனம் கெட்டிருந்தது. தூக்கம் இல்லை. ஜூலை மாதத்தில் நெருங்கிய நண்பர் மார்ட்டினெல்லி என்ற பண்டிதர் இறந்தார். தாம் இறந்த பிறகு பகைவர்கள் தம் வரைபடங்களைத் தங்களுடையவை என்று சொல்லிக் கொள்வார்களோ என்ற பயம் பிடித்துக் கொண்டது. ஒரு நாள் கட்டுக் கட்டாகப் படங்களை எடுத்து நெருப்பில் போட்டார்!

வைத்தியர்கள் ஓய்வு வேண்டும் என்றார்கள். வேலை செய்ய விடக் கூடாது, தனியே விடக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு, எழுதுவதற்கு விளக்குக் கேட்டார். வைத்தியர் சொன்னபடி வேலைக்காரர் விளக்கைத் தர மறுத்தார். எழுதுவதும் வரைவதுமே உயிராக இருந்தவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. நோயும் கோபமும் அறிவை மறைத்தன. தம் வாளாலேயே தம்மைக் குத்திக் கொண்டார்.

உயிர் உடனே போகவில்லை. தெளிவு திரும்பியது. நடந்ததை நடந்தபடி சொல்லி எழுத வைத்தார். செய்ததற்கு மனம் வருந்திக் கடைசிச் சடங்குகளைப் பெற்றுக் கொண்டார். ஒரு நாளுக்குள் கண்ணை மூடினார். 67 வயது.

சான் கார்லோ கோவிலுக்கு அடியில், மேலே உள்ள கோவிலின் வடிவத்திலேயே ஒரு நிலவறைக் கோவில் இருக்கிறது. அதில் ஒரு சிறு இடத்தைத் தம் சமாதிக்காகவே அவர் முதலில் அமைத்திருந்தார் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. கடைசியில் அவர் வேறு விதமாகக் கேட்டுக் கொண்டார். தம்மை வளர்த்த கிழவர் மதெர்னோவின் கல்லறையிலேயே தம்மையும் அடக்கம் செய்ய வேண்டும். கல்லில் தம் பெயரைப் பொறிக்க வேண்டாம்.

பெயருக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர் கடைசியில் பெயர் வேண்டாம் என்றார்! ஜோவான்னி தெய் பியோரெந்தினி என்ற கோவிலில் அப்படியே அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் பொறித்த கல் பிற்காலத்தில் வைக்கப்பட்டதே.

பெயர் நின்றது

முகப்பின் மேல்பாதியை அவருடைய உறவுப் பிள்ளை பெர்னார்டோ கட்டி முடித்தார். வாசலுக்கு மேலே தேவதைகளின் சிறகு நிழலில் புனித கார்லோவின் சிலை நிற்கிறது. அதைச் செதுக்கியவர் பெர்னினியிடம் வேலை பார்த்த அந்தோனியோ ராஜ்ஜி. பகை மனிதர்களோடு போயிற்று. கல்லில் அது தங்கவில்லை.

பெர்னினி 1680 வரை வாழ்ந்து, புகழோடு மறைந்தார். பொரோமினியையோ பின்வந்தவர்கள் நெடுங்காலம் பைத்தியக்காரர் என்றே ஏசினார்கள். நேர்கோட்டை விரும்பிய அவர்களுக்கு அவருடைய வளைவுகள் பிடிக்கவில்லை. 20-ம் நூற்றாண்டில்தான் உலகம் கண் விழித்தது. 1976-ல் சுவிட்சர்லாந்து வெளியிட்ட 100 பிராங்க் நோட்டில் அவர் முகம் இடம் பெற்றது. கூலி வாங்காத மனிதரின் படத்தைப் பணத்தின் மேலேயே அச்சிட்டார்கள்! அந்த நோட்டு 2000 வரை புழங்கியது. 1999-ல் அவர் பிறந்து 400 ஆண்டு நிறைந்தபோது, மாரியோ போட்டா என்ற கட்டிடக் கலைஞர் லுகானோ ஏரியில் சான் கார்லோ கோவிலைப் பாதியாக வெட்டிக் காட்டியது போல, உண்மை அளவிலேயே மரத்தில் எழுப்பினார். உயரம் 33 மீட்டர். வீட்டில் சொல்லாமல் ரோமுக்கு ஓடிய பையன் தன் கோவிலோடு ஏரிக்கரைக்குத் திரும்பி வந்தது போல இருந்தது அந்தக் காட்சி. 2003-ல் அதைப் பிரித்து எடுத்தார்கள்.

ரோமில் உள்ள கல் கோவில் அதே சந்தியில், அதே சபையாரின் பொறுப்பில் இருக்கிறது. அவர் தம் படங்களை நெருப்பில் போட்டார். தம் கல்லறையிலும் பெயர் வேண்டாம் என்றார். ஆனால் துறவி ஹுவான் தம் குறிப்பேட்டில் எழுதிய வரிகள் அழியவில்லை. இந்த வேலையைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார், என்ன வாங்கினார் என்று பிற்காலத்தாருக்குச் சாட்சி சொன்னவை அவைதான். பிரபுக்கள் தர மறுத்த பெருமையை, கொடுப்பதற்குக் காசு இல்லாத ஓர் ஏழைத் துறவி மை தொட்டு எழுதிக் கொடுத்து விட்டுப் போனார்.